போன் கனெக்ஷனை விடுவது எப்படி: எதை முதலில், எதைக் கடைசியில்

கனெக்ஷன் வேண்டாம் என்று முடிவெடுத்த கையோடு பலரும் செய்வது ஆட்டோபேயை, அதாவது வங்கியிலிருந்து பில் தொகை தானாகப் போகும் ஏற்பாட்டை, நிறுத்துவதுதான். அடுத்து கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு ஒரு சண்டை. அந்த நம்பர் எங்கெல்லாம் பதிவாகியிருக்கிறது என்ற யோசனை கடைசியில்தான் வரும், அதுவும் ஓடிபி வராமல் எங்காவது மாட்டிக்கொண்ட பிறகு. செய்யவேண்டிய வரிசை இதற்கு நேர் தலைகீழ். முதலில் நம்பர், அடுத்து ஒப்பந்தம், பிறகு எழுத்தில் கோரிக்கை, கடைசி பில் தீர்ந்த பின்னரே வங்கியில் ஆட்டோபேயை நிறுத்துவது. இந்த வரிசை தப்பாமல் போனால் பாதித் தலைவலி வரவே வராது. மீதிப் பாதி நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அதைச் சமாளிப்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் அதிகம்.

இங்கே சொல்வது பெரும்பாலும் போஸ்ட்பெய்டு, லேண்ட்லைன், பிராட்பேண்ட் இணைப்புகளுக்கானது. ப்ரீபெய்டு என்றால் ரீசார்ஜ் செய்யாமல் விட்டாலே நாளடைவில் இணைப்பு செத்துவிடும். ஆட்டோ ரீசார்ஜ் போட்டிருந்தால் அதை மட்டும் எடுத்துவிடுங்கள். ஆனால் நம்பரைப் பற்றி அடுத்து வருவது ப்ரீபெய்டுக்காரர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

நம்பர் வேண்டுமா, வேண்டாமா?

வேண்டும் என்றால் எதையும் ரத்து செய்யாதீர்கள். புதிய நிறுவனத்துக்குப் போய் போர்ட் கேளுங்கள், அதாவது அதே நம்பரோடு அங்கே மாறுவது. நம்பர் அங்கே மாறியதும் பழைய இணைப்பு தானாகவே முடிந்துவிடும். “முதலில் இங்கே முடித்துவிட்டு அப்புறம் அங்கே போகலாம்” என்று கிளம்பினால் நம்பர் போய்விடும், ஏனென்றால் உயிரோடு இருக்கும் நம்பரைத்தான் போர்ட் செய்ய முடியும். இன்னொரு லாபமும் உண்டு. பழைய நிறுவனத்தின் கஸ்டமர் கேரிடம் “ஏன் போகிறீர்கள்” விசாரணைக்கு உட்காரவேண்டிய வேலையே பல சமயம் மிச்சம்.

போர்ட்டுக்கு ஒரு குறியீட்டு எண் தேவைப்படும். இந்தியாவில் ‘போர்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லையும் இடைவெளி விட்டு நம்பரையும் 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் வரும். பிரிட்டனில் 65075-க்கு எஸ்எம்எஸ். அமெரிக்காவில் பழைய நிறுவனத்தின் கணக்கு எண்ணும் அவர்கள் தரும் டிரான்ஸ்ஃபர் பின்னும் வேண்டும். எங்கே வாங்கினாலும் இந்தக் குறியீட்டுக்குக் காலக்கெடு உண்டு. இந்தியாவில் பெரும்பாலான பகுதிகளில் 4 நாள், பிரிட்டனில் 30 நாள். ஆகவே புது சிம்மைத் தேர்ந்தெடுத்த பிறகு கேளுங்கள்.

போர்ட் நிராகரிக்கப்பட்டால் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று: கட்டாத பில் நிலுவை, ஒப்பந்தக் காலம் முடியாதது, கணக்கில் உள்ள பெயருக்கும் நீங்கள் கொடுத்த பெயருக்கும் பொருத்தமின்மை, கணக்கு எண்ணுக்குப் பதிலாக போன் நம்பரை எழுதிக் கொடுத்தது, நம்பர் திருட்டைத் தடுக்கக் கணக்கில் போட்டுவைத்த பூட்டு. கனெக்ஷன் அப்பா பெயரிலோ கம்பெனி பெயரிலோ இருந்தால் முதலில் பெயர் மாற்றம், பிறகு போர்ட்.

போர்ட் செய்தால் அந்த ஒரு நம்பர் மட்டும்தான் வெளியேறும். அதே கணக்கில் டேப்லெட்டுக்கு ஒரு சிம், வாட்சுக்கு ஒரு இ-சிம், வீட்டில் இன்னொருவருக்கு ஒரு லைன் இருந்தால் அவை அங்கேயே ஓடிக்கொண்டிருக்கும். பில்லும் வந்துகொண்டிருக்கும். ஃபேமிலி பிளானில் முதன்மை நம்பரைப் போர்ட் செய்பவர்கள், அதற்கு முன்பே இன்னொரு நம்பரை முதன்மையாக மாற்றச் சொல்லுங்கள். லேண்ட்லைன் நம்பரோடு பிராட்பேண்ட் கட்டிவைக்கப்பட்டிருந்தால், நம்பர் போனதும் இணையமும் சேர்ந்து போகலாம். இதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு கைவையுங்கள்.

பழைய சிம்மில் சிக்னல் முழுதாகப் போகும்வரை அதைக் கழற்ற வேண்டாம். மாறும் நேரத்தில் எஸ்எம்எஸ் தாமதமாவது சகஜம். சிம் மாறிய முதல் நாள் ஓடிபி அனுப்பாத வங்கிகளும் உண்டு. பெரிய தொகை கட்டவேண்டிய நாளில் போர்ட் வைத்துக்கொள்ளாதீர்கள்.

நம்பரையே விடுவதாக இருந்தால்

வேலை இங்கேதான் அதிகம். நீங்கள் விட்ட நம்பர் சில வாரங்களிலோ மாதங்களிலோ வேறொருவர் கைக்குப் போகும். அமெரிக்காவில் இதற்கான குறைந்தபட்ச இடைவெளி 45 நாள்தான். 2021-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அங்கே இரண்டு பெரிய நிறுவனங்களில் புதியவர்களுக்குக் கொடுக்கத் தயாராக இருந்த 259 நம்பர்களை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 171 நம்பர்கள் பிரபல இணையதளங்களில் ஏற்கெனவே யாரோ ஒருவரின் கணக்கோடு இணைந்திருந்தன. பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று அழுத்தினால் ஓடிபி புதிய ஆளுக்குப் போகும். அவ்வளவுதான் விஷயம்.

ஆகவே இணைப்பை விடுவதற்கு ஒரு மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். பழைய எஸ்எம்எஸ்களை ஒரு வருடத்துக்குப் பின்னோக்கி உருட்டிப் பாருங்கள். யார் யாரெல்லாம் ஓடிபி அனுப்பியிருக்கிறார்களோ அதுதான் உங்கள் பட்டியல். நினைவிலிருந்து எழுதினால் நிச்சயம் நாலைந்து விடுபடும். முதலில் மின்னஞ்சல், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் மீட்பது அதை வைத்துத்தான். அடுத்து வங்கி, கார்டு, காப்பீடு, முதலீடு. பிறகு அரசு அடையாளக் கணக்குகள், வரி, மருத்துவமனை. சமூக ஊடகம், ஷாப்பிங் எல்லாம் கடைசியில். வங்கி நம்பரை மாற்றப் பல இடங்களில் பழைய நம்பருக்கும் ஓடிபி போகும். பழைய சிம் உயிரோடு இருக்கும்போதே இதை முடிக்கச் சொல்வது அதனால்தான். முடிந்த இடங்களில் எஸ்எம்எஸ் ஓடிபிக்குப் பதிலாக, குறியீட்டைப் போனிலேயே உருவாக்கும் ஆதென்டிகேட்டர் செயலிக்கு மாறிவிடுங்கள், மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டாம். அமைப்புகளில் ‘நம்பரை மாற்று’ என்று ஒரு வசதி இருக்கிறது. அதில் போனால் குழுக்கள், அமைப்புகள் எல்லாம் புது நம்பருக்கு வந்துவிடும். ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று விட்டால், 45 நாள் பயன்படுத்தாமல் கிடந்த கணக்கு வேறொரு போனில் புதிதாக இயங்கத் தொடங்கும்போது, நம்பர் கைமாறிவிட்டதாக எடுத்துக்கொண்டு வாட்ஸ்அப் பழைய தரவை நீக்கிவிடும்.

லேண்ட்லைனை விடுபவர்களுக்கு ஒரு சின்னக் கவனம். அலாரம், லிஃப்ட்டுக்குள் இருக்கும் அவசர போன், ஃபேக்ஸ் போன்றவை அந்த லைனில் ஓடிக்கொண்டிருக்கலாம். லைனைத் துண்டித்தால் அவை சத்தமில்லாமல் நின்றுவிடும், யாருக்கும் தெரியாது.

ஒப்பந்தத்தில் பார்க்கவேண்டியவை

கடைசி மூன்று பில்களையும் ஒப்பந்தத்தையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். தேடவேண்டியது: கணக்கு எண், பில் சுழற்சி தொடங்கும் தேதி, குறைந்தபட்ச ஒப்பந்தக் காலம் முடியும் தேதி, முன்கூட்டியே விட்டால் கட்டணம், எத்தனை நாள் நோட்டீஸ், டெபாசிட் தொகை, அவர்கள் கொடுத்த கருவிகளின் பட்டியல்.

போனையும் அவர்களிடமே தவணையில் வாங்கியிருந்தால் அது தனிக் கணக்கு. இணைப்பை விட்ட அன்றே மீதித் தவணை முழுவதும் ஒரே பில்லில் வந்து விழும் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். ‘மாதாமாதம் தள்ளுபடி’ என்று கொடுத்த போன் என்றால், இணைப்பு நின்றதும் தள்ளுபடியும் நிற்கும், விலை மட்டும் பாக்கி நிற்கும். போன் அந்த நிறுவனத்தின் சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்டிருந்தால் பூட்டைத் திறக்கும் கோரிக்கையை இப்போதே போடுங்கள். கேட்பார்கள் என்பதால் *#06# அழுத்தி போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைக் குறித்துவையுங்கள். கணக்கு மூடிய பிறகு போனால், “நீங்கள் எங்கள் வாடிக்கையாளரே இல்லையே” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

நோட்டீஸ் கணக்கில் நிறையப் பேர் ஒரு மாத வாடகையை வீணாகக் கொடுக்கிறார்கள். பில் சுழற்சி 1-ஆம் தேதி தொடங்குகிறது, நோட்டீஸ் 30 நாள் என்று வையுங்கள். 28-ஆம் தேதி கோரிக்கை கொடுத்தால் அடுத்த மாதம் 27, 28 வாக்கில் முடியும், அந்த ஒரு மாத வாடகையோடு போகும். அதையே 3-ஆம் தேதி கொடுத்தால் அடுத்த மாதம் 2, 3 வரை இழுக்கும். நாள் கணக்கில் வசூலிக்காத நிறுவனம் என்றால் அந்த இரண்டு மூன்று நாளுக்காக முழு மாத வாடகை. சுழற்சி முடிவதற்கு மூன்று நான்கு நாள் முன்னால் கொடுப்பதுதான் கணக்கு. ஒரு நாள் தவறினாலும் நஷ்டம் உங்களுக்கு என்பதால் கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம்.

நோட்டீஸ் பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். கனடாவில் மொபைல் இணைப்பை விடுவதாகச் சொன்னால், நிறுவனத்துக்குத் தகவல் போய்ச் சேர்ந்த நாளிலேயே ரத்து அமலுக்கு வரவேண்டும். ஜெர்மனியில் குறைந்தபட்சக் காலம் முடிந்த ஒப்பந்தத்தை ஒரு மாத நோட்டீஸில் விடலாம். இணையதளத்தில் ரத்து பட்டன் வைப்பதும் 2022 ஜூலை 1 முதல் அங்கே கட்டாயம். பிரிட்டனில் 2019 ஜூலை முதல், மொபைல் நிறுவனம் மாறுபவர்களிடம் மாறிய தேதிக்கு அப்பால் நோட்டீஸ் காலக் கட்டணம் வாங்கக்கூடாது. அமெரிக்காவில் ஒரே கிளிக்கில் ரத்து என்ற விதியைக் கொண்டுவந்தார்கள், 2025 ஜூலையில் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. நீங்கள் இருக்கும் நாட்டின் தொலைத்தொடர்பு ஆணையத் தளத்தில் பத்து நிமிடம் செலவழித்து இந்த ஒரு விதியை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். கஸ்டமர் கேரில் பேசும்போது அதைச் சொன்னால் எதிர்முனையின் குரலே மாறும்.

கணக்கு மூடியதும் செயலிக்குள் நுழைய முடியாது. கடந்த 12 மாத பில்களை இப்போதே இறக்கிக்கொள்ளுங்கள். அந்த நிறுவனம் கொடுத்த மின்னஞ்சல், கிளவுட் சேமிப்பு, வாய்ஸ்மெயில் ஏதாவது இருந்தால் அதையும். பில்லோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்த ஓடிடி சந்தாக்கள் சில இணைப்போடு நிற்கும், சில தனியாக ஓடும். ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கோரிக்கை எழுத்தில் இருக்கட்டும்

போனில் மட்டும் சொன்ன ரத்துக்கு ஆதாரம் அவர்கள் கையில்தான் இருக்கும். ஆகவே செயலியிலோ மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ ஒரு கோரிக்கை போகட்டும். நிறுவனம் எந்த வழியை ஒப்பந்தத்தில் சொல்லியிருக்கிறதோ அதில் கட்டாயம் ஒன்று. கடையில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பல கடைகள் ஏஜென்சிகள். கடிதத்தை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, “பண்ணிடலாம் சார்” என்பதோடு முடித்துக்கொள்வார்கள்.

கடிதம் சுருக்கமாக இருந்தால் போதும். அவர்கள் அலுவலகத்தில் எந்த மொழியோ அந்த மொழியில்:

“கணக்கு எண் ___, போன் நம்பர் ___. இந்த இணைப்பையும் இதே கணக்கில் உள்ள எல்லாக் கூடுதல் சேவைகளையும் ___ தேதியோடு நிரந்தரமாக ரத்து செய்யக் கோருகிறேன். தற்காலிக நிறுத்தமோ பிளான் மாற்றமோ வேண்டாம். கோரிக்கை எண், சேவை முடியும் தேதி, இறுதி பில் தொகை, திருப்பித் தரவேண்டிய கருவிகளின் பட்டியல் ஆகியவற்றை எழுத்தில் தெரிவிக்கவும். டெபாசிட்டைக் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் செலுத்தவும். இறுதி பில் செலுத்தப்பட்ட பிறகு ஆட்டோபே அனுமதி செல்லாது.”

காரணம் எழுத வேண்டாம். ‘நிரந்தரமாக’ என்ற சொல்லை விட்டுவிட வேண்டாம். அது இல்லாவிட்டால் தற்காலிக நிறுத்தமாகப் பதிவு செய்து, மூன்று மாதம் கழித்து இணைப்பைத் தானாக உயிர்ப்பித்து பில் அனுப்ப வழி இருக்கிறது.

போனில் பேசவேண்டி வந்தால்

எழுத்தில் கேட்டாலும், “உறுதி செய்ய அழையுங்கள்” என்பார்கள். நம்பரை பில்லின் மேலிருந்து எடுங்கள், கூகுளில் தேடி எடுக்காதீர்கள். தேடலில் முதலில் வரும் கஸ்டமர் கேர் நம்பர்களில் மோசடிக்காரர்கள் காத்திருக்கிறார்கள். வார நடுவில் காலை நேரம் கூட்டம் குறைவு. மெனுவில் ரத்துக்கான எண்ணை அழுத்திக் காத்திருந்து களைத்தால், ‘புதிய இணைப்பு’ எண்ணை அழுத்திப் பாருங்கள். அங்கே ஆள் உடனே எடுப்பார், ரத்துப் பிரிவுக்கு மாற்றச் சொல்லலாம். மாற்றும் முன் அவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ரத்துப் பிரிவில் இருப்பவரின் வேலையே உங்களைப் போகவிடாமல் வைப்பதுதான். எத்தனை பேரைத் தக்கவைத்தார் என்பதை வைத்து அவரை மதிப்பிடும் நிறுவனங்கள் உண்டு. அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை, கோபம் அவருக்கு அழைப்பைத் துண்டிக்க ஒரு சாக்குதான். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

“ஏன் சார் விடுறீங்க? என்ன பிரச்சினை?”
“சொந்தக் காரணம்ங்க. கோரிக்கையைப் பதிவு பண்ணிடுங்க.”
“சிக்னல் பிரச்சினையா சார்? டெக்னீஷியனை அனுப்பறேன்.”
“இல்லைங்க. ரத்து மட்டும் போதும்.”
“மூணு மாசம் பாதி வாடகை போட்டுத் தர்றேன், சரிங்களா?”
“வேணாங்க. எந்த ஆஃபரும் வேணாம், பிளானையும் மாத்த வேணாம்.”
“சரி சார், எங்க சீனியர் 48 மணி நேரத்துல கூப்பிடுவாங்க.”
“கூப்பிடட்டும். இப்போ கோரிக்கை எண்ணைச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

எந்தக் காரணம் சொன்னாலும் அதற்கு ஒரு ஆஃபர் திரையில் தயாராக இருக்கும். வெளிநாடு போகிறேன் என்றால் ரோமிங் பிளான், விலை அதிகம் என்றால் தள்ளுபடி. “சரிங்களா” என்று முடியும் எந்தக் கேள்விக்கும் பேச்சுவாக்கில் “ம்ம்” போடாதீர்கள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு பிளானை மாற்றினால், புதிய ஒப்பந்தக் காலம் அன்றிலிருந்து தொடங்கிவிடும். உண்மையிலேயே நல்ல விலை கிடைத்தால் தங்கிவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் தப்பில்லை. ஆனால் அந்த ஆஃபரை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லி, படித்துவிட்டு முடிவெடுங்கள்.

அந்த ‘48 மணி நேர’ பதிலைக் கொஞ்சம் கவனியுங்கள். பெரும்பாலும் அந்த அழைப்பு வராது, அல்லது நீங்கள் எடுக்க முடியாத நேரத்தில் ஒரே ஒரு முறை வரும். “வாடிக்கையாளர் பதில் தரவில்லை” என்று கோரிக்கை மூடப்படும். அடுத்த மாதம் பில் வரும்போதுதான் தெரியும். கோரிக்கை எண் கையில் வராமல் போனை வைக்கவே கூடாது என்பது அதனால்தான். வைத்தவுடன் அன்றே ஒரு மின்னஞ்சல்: “இன்று இத்தனை மணிக்கு இன்னாரிடம் பேசினேன், கோரிக்கை எண் இது, சேவை முடியும் தேதி இது என்றார்.”

இறந்தவர் பெயரில் உள்ள இணைப்பு என்றால் இந்தப் பேச்சே வேண்டாம். இறப்புச் சான்றிதழ், உங்கள் அடையாள அட்டை, உறவைக் காட்டும் ஆவணம் மூன்றின் நகலோடு எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்த மீறல் கட்டணம் போட்டால் எதிர்த்துக் கேளுங்கள், பல நிறுவனங்கள் விட்டுக்கொடுக்கும். ஆனால் அவருடைய வங்கி வேலைகள் முடியும்வரை அந்த சிம் உங்களுக்குத் தேவைப்படலாம், அவசரப்பட வேண்டாம்.

மோடம், ரௌட்டர், அடாப்டர்

நிறுவனத்தின் பொருள் எதுவானாலும் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கும்வரை விலை உங்கள் தலையில். பெட்டியில் போடும் முன் சீரியல் எண் தெரியும்படி ஒரு படம், எல்லாவற்றையும் பரப்பி வைத்து ஒரு படம். அதிகம் தகராறு வருவது பவர் அடாப்டரில்தான். எல்லா அடாப்டரும் ஒன்றுபோல இருப்பதால் வீட்டில் உள்ள வேறொன்று பெட்டிக்குள் போய்விடும். மோடத்தின் அடியில் எழுதியுள்ள வோல்ட், ஆம்பியர் அளவை அடாப்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆள் வந்து எடுத்துப்போனால், சீரியல் எண் எழுதிய ரசீதில் கையெழுத்து வாங்காமல் பொருளைக் கொடுக்காதீர்கள்.

கடைசி பில்லும் ஆட்டோபேயும்

இறுதி பில் உடனே வராது. வாடகையை முன்கூட்டியும் பயன்பாட்டைப் பின்னாடியும் கணக்கிடுவதால், ரோமிங் போன்றவை அடுத்த மாதம்கூட வந்து சேரும். ஆட்டோபேயை முன்பே நிறுத்திவிட்டால் இந்தச் சின்னத் தொகை கட்டப்படாமல் நிற்கும். பில் நீங்கள் பார்க்காத மின்னஞ்சலுக்குப் போகும், தாமதக் கட்டணம் ஏறும், பிறகு வசூல் ஏஜென்சி, கடைசியில் கிரெடிட் ஸ்கோரில் ஒரு கறை. ரத்து கேட்டவர்களுக்கு வரும் பெரிய தொல்லைகள் பலவும் இப்படிச் சில்லறை பாக்கியில்தான் தொடங்குகின்றன. முகவரியும் மின்னஞ்சலும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, இறுதி பில்லைக் கட்டி, நிலுவை இல்லை என்ற சான்றை எழுத்தில் வாங்குங்கள். அதன் பிறகு ஆட்டோபேயை வங்கிப் பக்கமும் நிறுவனப் பக்கமும் நிறுத்துங்கள்.

இந்தச் சமயத்தில், “உங்கள் டெபாசிட்டைத் திருப்பித் தருகிறோம், ஓடிபி சொல்லுங்கள்” என்று யாராவது அழைத்தால் வைத்துவிடுங்கள். பணம் உங்களுக்கு வருவதற்கு ஓடிபி தேவையே இல்லை.

சேவை முடிந்த தேதிக்கு மறுநாள் வேறு போனிலிருந்து பழைய நம்பருக்கு அழைத்துப் பாருங்கள். மணி அடித்தால் ரத்து நடக்கவில்லை. அடுத்த மூன்று மாத வங்கிக் கணக்கையும் பாருங்கள்.

அப்படியும் பணம் பிடித்தால்

கோரிக்கை எண்ணோடு நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுத்தில் புகார், அதற்கு ஒரு புகார் எண். அவர்கள் சொன்ன கெடு தாண்டினால் அடுத்த படி. இந்தியாவில் அதே நிறுவனத்துக்குள் இருக்கும் மேல்முறையீட்டு அமைப்பு, ஆஸ்திரேலியாவில் புகார்களை விசாரிக்கும் தொலைத்தொடர்பு ஆம்புட்ஸ்மன், அமெரிக்காவில் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி. எஃப்சிசியில் புகார் போனால் நிறுவனம் 30 நாளுக்குள் பதில் தரவேண்டும். படி தாண்டிப் போனால் “முதலில் நிறுவனத்திடம் கேட்டீர்களா” என்று திருப்பி அனுப்புவார்கள்.

வங்கியிலும் இணையாக வேலை நடக்கலாம். சேவை முடிந்த தேதிக்குப் பிறகு எடுத்த தொகைக்கு மட்டும் டிஸ்ப்யூட், அதாவது பணத்தைத் திரும்பக் கேட்கும் மறுப்பு, போடுங்கள், கோரிக்கை எண்ணும் சேவை முடிந்த கடிதமும் இணைத்து. அதற்கு முந்தைய நியாயமான பில்லையும் சேர்த்து மறுத்தால் கேஸ் பலவீனமாகும். கார்டு டிஸ்ப்யூட்டுக்கு நாள் கெடு உண்டு, ஸ்டேட்மென்டில் பார்த்த வாரத்திலேயே போடுவது நல்லது.

வசூல் ஏஜென்சியிலிருந்து போன் வந்தால் வாயால் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள், “கொஞ்சமாவது கட்டுங்க” என்பதற்காக ஒரு சிறு தொகைகூடக் கட்டாதீர்கள். சில நாடுகளில் பாதி கட்டுவதே கடனை ஒப்புக்கொண்டதாகக் கருதப்படும். எந்த பில், எந்தத் தேதி, எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். வந்ததும் நிலுவை இல்லை என்ற சான்றின் நகலை அவர்களுக்கும் பழைய நிறுவனத்துக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள்.